வடுப்பட்ட அச்சு

உட்காரச் சொன்னதற்கு நன்றி, மாஜிஸ்திரேட் ஐயா. எனக்கு முட்டுவலி. இரும்புக்கடை வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது உண்டு. நாள் முழுக்க நின்றுகொண்டு வியாபாரம் பார்ப்பதால் வருவது. வேப்பெண்ணெய் போட்டு நீவினால் கொஞ்சம் கேட்கும்.

நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பும் என்று நீங்கள் எச்சரித்தது விளங்கியது. யாரும் என்னை அடிக்கவில்லை, ஆசை காட்டவில்லை. நானாகத்தான் வந்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கே அவசரமாக எழுதுவார்கள், பாதி விட்டுப்போகும். எனக்கு முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர் செந்தூர்பாண்டி. கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் கடை. நங்கூரம், சங்கிலி, தார், கப்பல் கயிறு, வலையில் கட்டும் ஈயக்குண்டு என்று தோணிக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா என் தங்கையைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். அப்பாவும் அதிக காலம் இருக்கவில்லை. தங்கை அருணாசலவடிவை, வடிவு என்றுதான் கூப்பிடுவோம், நான்தான் வளர்த்தேன். அவளுக்குச் சடை பின்னுவதற்காகக் கயிற்றுக்கடைக்காரனான நான் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் போய்ப் பின்னல் பழகினேன். அந்தத் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்.

அவளுக்கு மாப்பிள்ளையும் நானே பார்த்தேன். பிச்சையா, கருப்பட்டி வியாபாரி. அவளைவிட வயது கூடுதல், அடிக்கடி இளைப்பு வரும், ஆனால் குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷன். வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். மத்தியானச் சோறு அவள் கையால் எனக்கு வந்துவிடும். தூரத்தில் இருந்து நல்ல நல்ல இடமெல்லாம் வந்தது; மதுரையிலிருந்து ஒரு வாத்தியார்கூடக் கேட்டு வந்தார். எனக்கு அதெல்லாம் சரியாகப் படவில்லை.

இப்போது அச்சு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்க விரும்புவது அதைத்தான்.

உப்பளங்களுக்கு அப்பால் துறைமுகத்து அதிகாரிகள் ஒரு பிஸ்டல் கிளப் வைத்திருந்தார்கள். யுத்தத்தில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனதும் ஆள் குறைந்து, துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த எங்களைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் இனிகோ எனக்குப் பழக்கமானான். துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கொடிச் சைகை காட்டுகிற வேலை அவனுக்கு. புன்னைக்காயல்காரன். அவன் அப்பா முத்துக்குளிக்கப் போனவர். கடலுக்கடியில் மூச்சடக்குகிற வம்சம் என்பதாலோ என்னவோ, பிஸ்டலை நீட்டிவிட்டால் அவன் கை கல்லில் செதுக்கியதுபோல் நிற்கும்.

யுத்தம் முடிந்து பல மாதம் ஆகியும் சீமைத் தோட்டா வரவில்லை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு இருக்கிறது, மருந்து கொஞ்சம் இருக்கிறது, குண்டு மட்டும் இல்லை. ஈயம் உருக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். கொழும்பிலிருந்து வந்த பழைய கப்பல் சாமான்களோடு சில குண்டு அச்சுகள் என் கடைக்கு வந்து கிடந்தன. பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடி, நடுவே வாய். மூடிப் பிடித்து ஈயத்தை ஊற்றி, திறந்தால் குண்டு விழும். நானும் இனிகோவும் உட்கார்ந்து எது தேறும் என்று பார்த்தோம்.

அச்சுப் பார்ப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான், ஐயா. வெளிப் பளபளப்பைப் பார்க்கக் கூடாது. வாய் இடைவெளி இல்லாமல் மூடுகிறதா, உதறினால் குண்டை விடுகிறதா, முதலில் போட்டதும் கடைசியில் போட்டதும் ஒரே எடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குண்டு பிஸ்டல் குழலைவிட மயிரளவு பருத்திருக்க வேண்டும். சிறுத்தால் குழலுக்குள் ஆடிக்கொண்டே போகும், வெளியே வந்து எங்கே போகும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். உருண்டை மூக்குள்ள ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அது குறி வைக்கும் காகிதத்தைக் கிழித்தது. ஓட்டை கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கிளப்பில் சண்டை வந்தது. இன்னொன்று நீள மூக்கு. அட்டையில் சாவித் துவாரம் போலப் பக்கவாட்டில் போய் விழுந்தது. கடைசியில் தட்டைமூக்கு அச்சு இரண்டு மிஞ்சின. அந்தக் குண்டு, ரயிலில் டிக்கெட் பரிசோதகர் துளை போடுவதுபோல் வட்டமாகத் துளைத்துக்கொண்டு போகும்.

இரண்டில் ஒன்று புதுசு. மற்றது எப்போதோ கீழே விழுந்து அடிபட்டது. அதில் வார்க்கிற ஒவ்வொரு குண்டின் அடிப்பக்கத்திலும் நகக்கீறல் மாதிரி ஒரு தடிப்பு விழும். ஆனால் நகைப் பத்தர் தராசில் நிறுத்துப் பார்த்தால், எடை மாறாமல் போட்டது அந்த வடுப்பட்ட அச்சுதான். நான் புதுசை அவன் பக்கம் தள்ளினேன்.

"இல்ல அண்ணாச்சி, புதுச நீங்க வச்சுக்கிடுங்க. எனக்கு இது போதும். வடு பின்னாலதான இருக்கு, போற வழியில இல்லியே" என்றான்.

அப்படித்தான் ஊரில் இருந்த தட்டைமூக்கு அச்சு இரண்டும் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று என்று ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இனிகோ என் கடைக்கு வந்துவிடுவான். பின்கட்டில் அடுப்பு மூட்டி உட்காருவோம். வடிவு எனக்குச் சோறு கொண்டுவருவாள். அவனையும் சாப்பிடச் சொன்னது நான்தான். அவள் சிரிப்பாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயதில் சிரித்திருக்கிறாள். நடுவில் நான் கவனிக்கவில்லை.

பிச்சையா ஒருநாள் கடைக்கு வந்தான். வெயில் நேரம், வியாபாரம் மந்தம். துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்லுதேன். கோவப்படப்பிடாது."

"சொல்லு மாப்பிள."

"வடிவு எங்கூட இருக்கா. ஆனா இல்ல. எனக்குத் தெரியும். அந்த இனிகோப் பய நல்லவன் மச்சான். நான் வெசாரிச்சேன். நாலு பேர வச்சு அத்துவிட்டுருதேன். அவ நெனச்ச எடத்துக்குப் போட்டும்."

கல்லாப் பெட்டியைச் சாத்தினேன்.

"அவகிட்ட பேசிட்டியா?"

"பேசிட்டேன். அழுதா. கால்ல விழுந்தா மச்சான். எனக்குத்தான் கூச்சமாப் போச்சு. அவங்க பக்கத்துல ஞானஸ்நானம் பண்ணிக்கிடணுமாம், அதுக்கும் சரின்னுட்டா. புன்னைக்காயல்ல இருப்பாவ போல."

இளைப்புக்காரன் பேசுகிற பேச்சு, நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. எனக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு அவன் முகத்தில் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு நிதானமாக யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தவன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் சனத்தில் புருஷன் பெண்டாட்டியை அத்துவிடுகிற வழக்கம் உண்டுதான். ஆனால் அத்துவிட்டவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். புருஷனை இழந்தவளை அப்படிப் பார்க்காது. பாவம் என்று சொல்லும். அறுதலி என்று விசேஷ வீட்டில் ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். அண்ணன் வீட்டில் இருந்துகொள்ளலாம். தலைநிமிர்ந்து இருக்கலாம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அவளுக்கு அதுதான் மேல் என்று பட்டது.

பிச்சையா மட்டும் போனால் போதாது என்பதும் தெரிந்தது. இனிகோ இருப்பானே.

ஆகஸ்டு மாதம் மாதா கோயில் திருவிழா வந்தது. திருவிழாவுக்கு முந்தின வாரம் இனிகோ தன் அச்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். கீல் இறுகிவிட்டது, எண்ணெய் போட்டுத் தேய்த்துவையுங்கள் என்றான். நான் தேய்த்தேன். நன்றாகத் திறந்து மூடுகிறதா என்று பார்க்க ஈயம் ஊற்றினேன். குண்டு விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அச்சு பக்கத்திலேயே இருந்தது. எதில் வார்த்ததை எடுப்பது என்பது அந்த நேரத்தில் என் கையில்தான் இருந்தது. வேறெதையும் விதி என்று சொல்லலாம், ஐயா. அதைச் சொல்ல முடியாது. நான் தேர்ந்தெடுத்தேன். மறுநாளே அச்சை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். புதுசு மாதிரி ஓடுதே அண்ணாச்சி என்று சந்தோஷப்பட்டான்.

சப்பரம் வருகிற அன்று ஊரே கோயிலைச் சுற்றி இருந்தது. வடிவைக் கூப்பிட்டேன். தலைவலிக்கிறது, வரவில்லை என்றாள். அவளுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. இனிகோ சப்பரத்தோடு இருக்கமாட்டான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவன் எங்கே இருந்தான் என்று சொல்ல அவள் ஒருத்திதான் இருப்பாள். அவள் அதை வெளியே சொல்லத் துணியமாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.

பிச்சையாவைக் கிளப்புத் திடலுக்கு வரச் சொல்லியிருந்தேன். அத்துவிடுகிற பேச்சை வீட்டில் வைத்துப் பேச வேண்டாம், அங்கே ஆள் இருக்காது என்றேன். பொழுது சாய்கிற நேரம். உப்பு அம்பாரங்கள் சிவந்து கிடந்தன. ஊருக்குள் வாணவேடிக்கை ஆரம்பித்துவிட்டது. அவன் வரப்பு வழியே குடையை ஊன்றிக்கொண்டு வந்தான். அவ்வளவு தூரம் நடந்ததில் இளைத்தது. கையில் மக்ரோன் பலகாரப் பொட்டலம்.

"திருவிழாக் கடையில வாங்கினேன் மச்சான். வடிவுக்குப் பிடிக்கும். வீட்டுக்குப் போனதும் கொடுக்கணும்" என்றான்.

உட்காரச் சொன்னேன். மூச்சு சீராகட்டும் என்று காத்திருந்தேன். இளைத்துக்கொண்டிருக்கிற மனுஷனை அந்த நிலையில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் வெடிக்கட்டு ஒன்று நீளமாக வெடித்தபோது, அவன் வானத்தைப் பார்க்கத் திரும்பினான். அவனுக்கு வலித்திருக்காது என்றே நினைக்கிறேன். அதை டாக்டரும் கோர்ட்டில் சொன்னார்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அவன் ஆசைப்பட்டு வாங்கியது. மறுநாள் காலை வடிவிடம் கொடுத்தேன்; அவன் திருவிழாக் கூட்டத்தில் எங்கோ தங்கிவிட்டான் என்று இருந்தாள். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆட்கள் வந்து சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கொஞ்சம் பொறுத்துக் கொடுத்திருக்கலாம்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். குண்டின் மூக்கு எலும்பில் பட்டு நசுங்கிப்போயிருந்தது. அடிப்பக்கத்துத் தடிப்பு அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை என்னிடம்தான் கொண்டுவந்தார்; செத்தவன் மச்சினன் என்பதோடு, ஊரில் ஈயம் தெரிந்தவனும் நான். கிளப்காரர்களிடம் உள்ள அச்சுகளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். இனிகோவின் அச்சைக் கொண்டுவந்தார்கள், என்னுடையதை நான் எடுத்துவைத்தேன். அவர்கள் முன்னாலேயே இரண்டிலும் வார்த்துக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் என் தோளைத் தட்டினார். பிறகு தெருவில் நாலு பேர், இனிகோவும் வடிவும் எப்படி என்று தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். அன்றைக்குச் சப்பரத்தின் பக்கம் அவனை யாரும் பார்க்கவில்லை.

செஷன்ஸ் கோர்ட்டில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறவன் இல்லை நான். இந்தக் குண்டு எந்த அச்சில் வார்த்தது என்றார்கள். இனிகோவின் அச்சில் என்றேன். சந்தேகம் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். அச்சு யாருடையது, யார் வசம் இருப்பது என்றார்கள். அவனுடையது, அவன் வசம் இருப்பது என்றேன். யார் ஊற்றியது என்று யாரும் கேட்கவில்லை.

நான் கணக்கில் தவறியது ஓர் இடத்தில்தான். வடிவு கூண்டில் ஏறினாள். அந்தச் சாயங்காலம் அவர் எங்க வீட்டில், என்னோடு இருந்தார் என்று, கோர்ட்டு நிறைய ஆண்கள் நிற்க, சத்தமாகச் சொன்னாள். சர்க்கார் வக்கீல் அவளைக் கேட்ட கேள்விகளை நான் இங்கே சொல்லமாட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். இப்படிப்பட்ட பெண்பிள்ளையின் சாட்சியை எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அவள் தலை குனியவில்லை. நான்தான் குனிந்துகொண்டேன். அவளுக்கு அந்த அவமானம் வரக் கூடாது என்றுதானே எல்லாமே.

தூக்கு என்று தீர்ப்பான பிறகு ஜெயிலில் அவனைப் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இரவெல்லாம் தூக்கம் வராததற்கு ஒரு முறை பார்த்துவிட்டால் சரியாகும் என்று தோன்றியது. கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் நின்றான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். திருவிழாவுக்கு முந்துன வாரம் எம் அச்சு ஒங்க கடையிலதான கெடந்துது?"

"ஆமா."

"அப்பொ பின்கட்டுக்கு யாராரு வந்தா? கொஞ்சம் நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. எவனோ வந்து வாத்து எடுத்துட்டுப் போயிருக்கான்."

"நெறையப் பேரு வருவாவ இனிகோ. யாருன்னு சொல்ல?"

"அதும் சரிதான்." கம்பிப் பக்கம் நெருங்கி வந்தான். "வக்கீல்ட்ட நான் இதச் சொல்லல அண்ணாச்சி. சொன்னா ஒங்களப் போட்டு அலைக்கழிப்பானுவ. தங்கச்சி மாப்பிளயப் பறிகொடுத்துட்டு நிக்கிய, அதுமேல இது வேறயா?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்ததும் உண்மை. காவலாளி நேரமாகிவிட்டது என்றான். அவன் ஒரு நிமிஷம் முந்திவிட்டான் என்று பல நாள் அந்தக் காவலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஐயா முன்னால் மறைப்பானேன், அவன் இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

இனிகோவின் தாயார் பிளாரன்ஸ் அம்மாள் கருணை மனுவோடு கடைக்கு வந்தார்கள். செத்தவன் குடும்பத்தாரே கேட்டுக்கொண்டால் மேலிடத்தில் இரங்குவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதல் கையெழுத்து நான் போட்டேன். அந்த அம்மாள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தக் கையை அன்றைக்குப் புளி போட்டுத் தேய்த்தேன். ஈய வாடை போகவில்லை. இப்போதும் இருக்கிறது. உங்களுக்கு அடிக்கிறதோ என்னவோ.

வெள்ளைக்காரன் கப்பலேறப் போகிறான், நம்மவர்கள் வந்ததும் தூக்குக் கைதிகளையெல்லாம் விட்டுவிடுவார்கள் என்று அந்த அம்மாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பினேன். அவன் உயிரோடு எங்காவது ஜெயிலில் இருந்தால் எனக்குப் போதும் என்று தோன்றியது. சாமிக்கு நேர்ந்துகொள்ளக்கூடச் செய்தேன். மனு தள்ளுபடியாகிவிட்டது. போன வாரம் முடித்துவிட்டார்கள்.

அதுவரை வடிவு என் வீட்டில்தான் இருந்தாள். பேசமாட்டாள், ஆனால் இருந்தாள். சமைத்து வைப்பாள். நான் சாப்பிட்டுவிட்டு வெளியே போனபின் தான் சாப்பிடுவாள். காலம் போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஜெயிலிலிருந்து செய்தி வந்த அன்று பிளாரன்ஸ் அம்மாள் வாடகை வண்டியில் வந்து இறங்கினார்கள். வடிவு எழுந்து, உடுத்திய சேலையோடு போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"ஏளா வடிவு, எங்கன போற?" என்றேன்.

"எங்க வீட்டுக்கு" என்றாள். அவ்வளவு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

நேற்று நான் புன்னைக்காயல் போனேன். பிளாரன்ஸ் அம்மாள் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். எம் மவனுக்காவக் கையெழுத்துப் போட்ட மகராசன் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொன்னார்கள். வடிவு உள்ளேயிருந்து வரவில்லை. அவரப் போவச் சொல்லுங்க என்கிற குரல் மட்டும் வந்தது. அந்த வீட்டுக்கும் அவளுக்கும் என்ன உறவு, ஐயா? தாலி கட்டினானா? அங்கே மீன் காயப்போட்டுக்கொண்டு, வேற்று வேதத்துப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவள் கோபம் நியாயமானதுதான். நான் இனிகோவுக்கு எதிராகச் சாட்சி சொன்னேன் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். யாரோ ஒரு வெளிமனுஷன்போல அண்ணன் கோர்ட்டில் நின்று பேசிவிட்டுப் போனான் என்று நினைக்கிறாள். உண்மை தெரியாததால் வந்த மனத்தாங்கல் அது.

பிச்சையாவைச் சுட்டது நான். இனிகோவைத் தூக்கில் போட வைத்ததும் நான். இரண்டையும் தெளிந்த புத்தியோடு செய்தேன். எனக்கு இரக்கம் காட்ட வேண்டாம். கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை. கயிறு என் கழுத்துக்கு வர வேண்டியது, தெரிந்துதான் வந்தேன். ஒரே ஒரு உதவி. எழுதியதை வடிவைக் கூப்பிட்டு நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். அண்ணன் தனக்காக எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று தெரிந்தால் அவள் மனம் இளகிவிடும், எனக்கு அவளைத் தெரியும். வீட்டுச் சாவியைப் பக்கத்துக் கடை அய்யாக்குட்டியிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவாள், வந்து விளக்கேற்றட்டும்.